காற்றில் ஓடும் கார்: ஓடும்தான்... சேந்தமங்கலத்தில் கிளம்பினால் எதுவரை போகும்?

அந்த வீடியோ உங்களுக்கும் வந்திருக்கும். குட்டியாக ஒரு கார். பின்னால் புகை இல்லை. “பெட்ரோலும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம், வெறும் காற்று போதும். 3 நிமிடத்தில் ஃபுல் டேங்க்” என்று ஒரு குரல். கடைசியில், “இதை ஏன் நம்ம நாட்டில் விற்க விடமாட்டேங்கிறாங்க?” என்று ஒரு கேள்வி. குடும்ப குரூப்பில் சித்தப்பா அனுப்புவார், ஆபீஸ் குரூப்பில் டீம் லீடர் அனுப்புவார்.

இதை 1996-ல் தமிழ்நாட்டையே பரபரப்பாக்கிய மூலிகை பெட்ரோல் கதையோடு சேர்த்துவிட முடியாது. காற்றில் ஓடும் கார் புளுகு இல்லை. உண்மையிலேயே ஓடியிருக்கிறது. டாடா மோட்டார்ஸே அதில் இறங்கியது. அப்படியிருந்தும் ஏன் இன்றுவரை எந்த ஷோரூமிலும் அது நிற்கவில்லை என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்கு பதில் தேட நாமக்கல் மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் அழுத்தக் காற்றை வைத்துத்தான் பாறையைத் துளைக்கின்றன. நாமக்கல் லாரிகளின் பிரேக் பிடிப்பதும் காற்றால்தான். சேந்தமங்கலம் பக்கத்துத் தோட்டங்களில் போருக்குள் காற்றை அடித்துத் தண்ணீர் எடுக்கும் கம்ப்ரசர்கள் உண்டு. காற்றின் பலம் என்ன, அதற்கு ஆகும் செலவு என்ன என்று புத்தகம் படிக்காமலே தெரிந்த ஊர்க்காரர்கள் இவர்கள்.

டாடா தொட்ட கதை

இந்தக் காரின் பின்னால் இருந்தவர் கி நெக்ர் என்ற பிரெஞ்சுப் பொறியாளர். ஃபார்முலா ஒன் பந்தயக் காருக்கு எஞ்சின் வடிவமைத்தவர். ‘எம்.டி.ஐ.’ என்ற நிறுவனத்தைத் தொடங்கி, 1990-களிலிருந்து அழுத்தக் காற்று எஞ்சினிலேயே மூழ்கிக் கிடந்தார். 2007-ல் டாடா மோட்டார்ஸ் அவரோடு ஒப்பந்தம் போட்டது. ஒருமுறை நிரப்பினால் 200 கிலோமீட்டர் போகும் என்று அப்போது செய்திகள் பறந்தன. நானோ கார் பற்றிய பேச்சும் சூடாக இருந்த நேரம் அது. அடுத்து காற்றுக் கார்தான் என்று பலரும் நம்பினார்கள்.

2012-ல் டாடா ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இரண்டு வாகனங்களில் பொருத்திப் பார்த்தாகிவிட்டது, தொழில்நுட்பம் வேலை செய்கிறது, முதல் கட்டம் முடிந்தது என்றது. அடுத்த கட்டம்தான் வரவில்லை. நெக்ர் 2016-ல் காலமானார். காற்றுக் கார் வருவதற்குள் நெக்ஸான் இ.வி., டியாகோ இ.வி. என்று டாடாவே பேட்டரி கார்களை விற்கத் தொடங்கிவிட்டது.

‘பெட்ரோல் கம்பெனிகள் அமுக்கிவிட்டன’ என்று இதற்கு விளக்கம் சொல்பவர்கள் உண்டு. அப்படி யாரும் அமுக்க வேண்டிய தேவையே இல்லை. கணக்கே அமுக்கிவிட்டது.

டேங்கில் எவ்வளவு இருக்கிறது?

பலூனை ஊதி விட்டால் பறக்கிறது அல்லவா, அதே சங்கதிதான். காற்றை அழுத்தி சிலிண்டரில் அடைக்கிறோம். திறந்துவிட்டால் அது விரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. எரிப்பது எதுவும் இல்லை. அதனால் புகையும் இல்லை.

எவ்வளவு அழுத்தம் என்பதில்தான் விஷயம். பஞ்சர் கடையில் உங்கள் கார் டயருக்கு ஏற்றுவது 30, 35 பி.எஸ்.ஐ. லாரி டயருக்கு 120 வரை போகும். இந்தக் காரின் டேங்கில் இருப்பது 300 பார், அதாவது 4,350 பி.எஸ்.ஐ. லாரி டயரைப்போல சுமார் 36 மடங்கு. இரும்பு சிலிண்டர் என்றால் வண்டியே அந்தக் கனத்தைத்தான் சுமக்கும் என்பதால் கார்பன் ஃபைபரில் செய்கிறார்கள்.

300 லிட்டர் டேங்க் என்று வைத்துக்கொள்வோம். காரின் அடியில் அதற்குமேல் இடம் கிடைப்பது சிரமம். 300 பாரில் அடைத்தால் உள்ளே இருக்கும் காற்று மட்டுமே சுமார் 100 கிலோ! காற்றுக்கு எடை இல்லை என்று நினைத்தவர்கள் இங்கே ஒரு நிமிடம் நிற்கலாம்.

இவ்வளவு காற்றிலிருந்து, எந்த இழப்பும் இல்லாத கற்பனை எஞ்சினில்கூட, எடுக்க முடிந்த ஆற்றல் சுமார் 12 யூனிட். வீட்டு மின்சார பில்லில் வரும் அதே யூனிட்தான். டியாகோ இ.வி.யின் பெரிய பேட்டரி 24 யூனிட். பெட்ரோலில் சொன்னால், அந்த முழு டேங்க் காற்றில் இருப்பது ஒன்றேகால் லிட்டர் பெட்ரோலை எரித்தால் வரும் வெப்பத்துக்குச் சமம். பெட்ரோல் எஞ்சின் அந்த வெப்பத்தில் முக்கால்வாசியை வீணடிப்பதால் ஒப்பீடு இவ்வளவு மோசமாக முடிவதில்லை. என்றாலும், 300 லிட்டர் டேங்க் எங்கே, ஒன்றேகால் லிட்டர் எங்கே!

வியர்க்கும் கம்ப்ரசர், உறையும் எஞ்சின்

சைக்கிளுக்குக் காற்று அடித்திருந்தால் பம்பின் அடிப்பகுதி சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். காற்றை அழுத்தினால் சூடாகும். ஒரே மூச்சில் 300 பாருக்கு அழுத்தினால் கணக்குப்படி ஆயிரம் டிகிரியைத் தாண்டும். அதனால் படிப்படியாக அழுத்தி, இடையிடையே குளிரவைக்கிறார்கள். அப்படிக் குளிரும்போது வெளியே போகும் சூடு நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கரண்ட்.

எஞ்சினில் நடப்பது இதற்கு நேர் எதிர். டியோடரண்ட் ஸ்ப்ரேயைத் தொடர்ந்து அழுத்தினால் டப்பா சில்லிட்டுப் போகிறதே, அதுபோல எஞ்சினும் சில்லிடும். விரியும் காற்று குளிர்கிறது. 300 பாரிலிருந்து ஒரேயடியாக விரிய விட்டால் கணக்கில் மைனஸ் 200 டிகிரிக்கும் கீழே போகும். நிஜத்தில் அவ்வளவு போகாது. ஆனால், காற்றில் இருக்கும் ஈரம் பனிக்கட்டியாகி வால்வை அடைக்க அதில் பாதிகூட வேண்டாம். குளிர்ந்த காற்றுக்குத் தள்ளும் சக்தியும் குறைவு. நம் ஊர் வெயில் இந்த விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கைகொடுக்கும். வெளியே வரும் சில்லென்ற காற்றைக் காருக்குள் திருப்பிவிட்டால் ஓசியில் ஏ.சி. என்றுகூட விளம்பரப்படுத்தினார்கள். அது பொய் இல்லை.

குளிரைச் சமாளிக்க எம்.டி.ஐ. கண்ட வழி, எஞ்சினுக்குப் போகும் காற்றைச் சின்ன பர்னரால் சூடாக்குவது. அதற்கு எரிபொருள் வேண்டும். அதாவது, புகையே இல்லாத காருக்குள் ஓர் அடுப்பு. இந்த யோசனையும் புதிது இல்லை. பிரான்ஸின் நாந்த் நகரத்தில் 1879-லேயே அழுத்தக் காற்றில் டிராம் ஓடியது. அதிலும் காற்றைச் சுடுநீர் வழியாக அனுப்பிச் சூடேற்றித்தான் எஞ்சினுக்குக் கொடுத்தார்கள். 130 வருடம் கழித்தும் அதே நோய், அதே வைத்தியம்.

இந்த இழப்புகளையெல்லாம் கழித்தால், 12 யூனிட்டில் சக்கரத்துக்குப் போய்ச் சேருவது பாதி, அதாவது 5 அல்லது 6 யூனிட். சின்ன கார் என்றால் 50, 60 கிலோமீட்டர் ஓடலாம். சேந்தமங்கலத்திலிருந்து நாமக்கல் போய்வரத் தாராளமாகப் போதும். சேலம் போனால் திரும்பி வருவதை அங்கேதான் யோசிக்க வேண்டும்.

அந்த டேங்கை நிரப்பக் கம்ப்ரசர் இழுக்கும் கரண்ட் 20 யூனிட்டுக்கு மேல் ஆகும். 22 என்று வைப்போம். யூனிட் 8 ரூபாய் என்றால் 176 ரூபாய். 55 கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால் கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 20 காசு. அதே தூரத்துக்கு ஒரு சின்ன பேட்டரி கார், சார்ஜ் ஏற்றும்போது ஆகும் இழப்பையும் சேர்த்து, 7 அல்லது 8 யூனிட்டில் வேலையை முடித்துவிடும். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் சொச்சம்.

இன்னொன்றையும் பாருங்கள். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காருக்கு, லிட்டர் 100 ரூபாய் என்றாலே கிலோமீட்டருக்கு ஐந்தரை ரூபாய். ஆக, ஓட்டும் செலவில் காற்றுக் கார் பெட்ரோலிடம் தோற்கவில்லை. பேட்டரியிடம்தான் தோற்றது. 2007-ல் டாடா கையெழுத்துப் போட்டபோது இது யாருக்கும் தெளிவாகத் தெரிந்திருக்காது. 2010 வாக்கில்கூட ஒரு யூனிட் சேமிக்கும் லித்தியம் பேட்டரியின் விலை 1,000 டாலருக்கு மேல். 2024-ல் அது சராசரியாக 115 டாலர் என்றது புளூம்பெர்க் என்.இ.எஃப். ஆய்வு. பேட்டரி அன்றைய விலையிலேயே நின்றிருந்தால் காற்றுக் காருக்கு ஒரு வாய்ப்பு இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

‘சி.என்.ஜி. ஓடுதே... காற்று ஏன் ஓடாது?’

நியாயமான கேள்வி. அதுவும் சிலிண்டர், இதுவும் சிலிண்டர். சி.என்.ஜி.யை 200 பாரில் அடைக்கிறார்கள். ஆனால் சி.என்.ஜி. காரை ஓட்டுவது அந்த அழுத்தம் இல்லை. உள்ளே இருக்கும் வாயு எரிந்துதான் ஓட்டுகிறது. அழுத்துவது நிறைய வாயுவைச் சின்ன இடத்தில் அடைப்பதற்காக மட்டும்தான்.

60 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் சுமார் 9 கிலோ சி.என்.ஜி. பிடிக்கும். எரித்தால் 120 யூனிட் அளவு வெப்பம். அதே சிலிண்டரில் அதே 200 பாரில் வெறும் காற்றை அடைத்தால், அதிலிருந்து எடுக்க முடிந்தது அதிகபட்சம் ஒன்றரை யூனிட்டுக்கும் குறைவு. சுமார் 80 மடங்கு வித்தியாசம். எரிகிற பொருளுக்கும் எரியாத பொருளுக்கும் நடுவில் இருக்கும் பள்ளம் அவ்வளவு.

சரி, தோட்டத்தில் மட்டும் ஏன் கம்ப்ரசர்?

இந்த இடத்தில் சேந்தமங்கலத்துக்காரர் ஒருவர் குறுக்கே வந்து கேட்கலாம். “காற்று அவ்ளோ தண்டம்னா, எங்க தோட்டத்துல கம்ப்ரசர் வெச்சு ஏங்க தண்ணி எடுக்கறோம்?”

போர் ஆழமாகப் போய், தண்ணீர் வரத்து குறைந்து, மணலும் சேறும் கலந்து வரும்போது நீர்மூழ்கி மோட்டாரை இறக்கினால் அடிக்கடி பழுதாகும். கம்ப்ரசரில் அந்தத் தொல்லை இல்லை. மெஷின் மேலேயே இருக்கும். உள்ளே போவது குழாய் மட்டும்தான், சுழலும் பாகம் எதுவும் கிடையாது. வரத்து குறைந்த போரிலும் வருகிற தண்ணீரைக் காற்று தள்ளிக்கொண்டு வந்துவிடும். ஆனால் ஒரே அளவு தண்ணீருக்கு நீர்மூழ்கி மோட்டாரைவிடக் கம்ப்ரசர் கூடுதல் கரண்ட் இழுக்கும். இரண்டையும் வைத்திருந்த விவசாயிகள் பலருக்கும் இது தெரிந்ததுதான். தமிழ்நாட்டில் விவசாய மின் இணைப்புக்குக் கட்டணம் இல்லை என்பதால் அந்த நஷ்டம் பில்லில் தெரிவதில்லை. காருக்கு அப்படி யாரும் இலவச மின்சாரம் தரப்போவதில்லை.

ரிக் வண்டியும் இதே கதைதான். நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில், பாறைக்குள், தண்ணீருக்கு நடுவே சுத்தியலை அடிக்க வைக்கக் காற்றைவிடத் தோதான ஆள் இல்லை. உடைந்த பாறைத் துகளை மேலே ஊதித் தள்ளுவதும் அதே காற்றுதான். அந்தக் கம்ப்ரசரை ஓட்டும் எஞ்சின் ஒரு போருக்கு எவ்வளவு டீசல் குடிக்கிறது என்று ரிக் முதலாளியிடம் கேட்டால் பெருமூச்சுதான் பதிலாக வரும். லாரியின் பின்பக்க பார்க்கிங் பிரேக்கில், காற்று இருக்கும்வரை ஸ்பிரிங் விலகி நிற்கும், காற்று இறங்கினால் தானாகவே பிடித்துக்கொள்ளும். அங்கே காற்றை வைத்தது பாதுகாப்புக்காக. சிக்கனத்துக்காக இல்லை.

ஏ.சி.க்கும் ஃபிரிட்ஜுக்கும் ஸ்டார் ஒட்டச் சொல்லும் மத்திய அரசின் பி.இ.இ. அமைப்பு, தொழிற்சாலைகளுக்கான தன் வழிகாட்டி நூலில் இதை எண்ணாகவே சொல்கிறது. கம்ப்ரசருக்குக் கொடுக்கும் ஆற்றலில் 10 முதல் 30 சதவீதம் மட்டுமே வேலை நடக்கும் இடத்துக்குப் போய்ச் சேருகிறது. மீதி சூடாகிப் போகிறது.

கொல்லிமலை ஏறுமா?

சேந்தமங்கலத்தில் கார் வாங்குகிற யாருக்கும் முதலில் தோன்றும் கேள்வி இதுதான். காளப்பநாயக்கன்பட்டி தாண்டி, காரவள்ளியில் தொடங்கினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம்.

ஆட்களோடு சேர்த்து 900 கிலோ எடையுள்ள காரை 1,000 மீட்டர் தூக்க மட்டும் இரண்டரை யூனிட் வேண்டும். சக்கரத்துக்குக் கிடைப்பதே 5, 6 யூனிட் என்று பார்த்தோம். அதில் பாதி உயரத்துக்கே போய்விடும். சாலையில் உருள ஆகும் செலவு தனி. அதோடு, மலை ஏறும்போது எஞ்சினுக்கு இடைவெளியே கிடையாது. காற்று விடாமல் விரிந்துகொண்டே இருக்கும், எஞ்சின் குளிர்ந்துகொண்டே போகும். பனிக்கட்டித் தொல்லை தலைதூக்குவதும் அப்போதுதான். மேலே செம்மேடு போய்ச் சேரும்போது டேங்க் கிட்டத்தட்ட காலி. அங்கே 300 பார் காற்று விற்கும் கடை இருக்காது.

இறங்கும்போது எஞ்சினையே கம்ப்ரசராக ஓட்டிக் கொஞ்சம் காற்றைத் திரும்பப் பிடிக்கலாம். பேட்டரி கார் பிரேக் பிடிக்கும்போது சார்ஜ் ஏற்றிக்கொள்வதைப் போலத்தான். பிரான்ஸின் பியூஜோ சிட்ரோயன் நிறுவனம் 2013-ல் இதையே கையில் எடுத்தது. பெட்ரோல் எஞ்சினுக்குத் துணையாக, பிரேக் பிடிக்கும் சக்தியை நைட்ரஜன் வாயுவை அழுத்திச் சேமித்து, அடுத்த நொடியே வண்டியைத் தள்ளப் பயன்படுத்துவது திட்டம். பொறியாளர்களுக்குப் பிடித்திருந்தது. 2016-ல் கார் வரும் என்றார்கள். கடைசியில் அதையும் மூட்டை கட்டிவிட்டார்கள்.

புகை எங்கே போகிறது?

காரின் பின்னால் புகை இல்லை, சரி. கம்ப்ரசருக்கு வரும் கரண்ட் எங்கிருந்து வருகிறது? நம் பகுதியில் மேட்டூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியைப் பார்க்காதவர் யார்? பேட்டரி காருக்கும் அதே மின்சாரம்தான். ஆனால் அதே தூரத்துக்குக் காற்றுக் கார் மூன்று மடங்கு கேட்கிறது. 2009-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். காற்றுக் காருக்குச் சாதகமான ஊகங்களை எடுத்துக்கொண்டும், அது பேட்டரி காரைவிடப் பின்தங்கியது. நிலக்கரி மின்சாரத்தை அதிகம் நம்பும் இடத்தில் சாதாரண பெட்ரோல் காரைவிடக் கூடுதலாகவே கரியமில வாயு வெளிவரும் என்றது அந்த ஆய்வு. தோட்டத்துக் கூரையில் சோலார் போட்டு நிரப்பலாமே என்றால், நிரப்பலாம். அதே சோலாரில் பேட்டரி கார் மூன்று மடங்கு தூரம் போகும்.

தீப்பொறியே ஆகாத இடங்களில் காற்று எஞ்சினுக்கு மரியாதை இருந்தது. வாயு கசியும் நிலக்கரிச் சுரங்கங்களில் அழுத்தக் காற்று ரயில் எஞ்சின்கள் ஓடின. 1870-களில் ஆல்ப்ஸ் மலையில் கோட்ஹார்ட் ரயில் சுரங்கம் தோண்டியபோதும், புகை போக வழியில்லாத குகைக்குள் மண் இழுத்தவை அவைதான். வேகத்திலும் காற்று மட்டம் இல்லை. 2011-ல் ஜப்பானில் டொயோட்டா குழுமத்தினர் உருவாக்கிய ஒற்றை ஆள் காற்றுக் கார் மணிக்கு 129.2 கிலோமீட்டர் தொட்டது. தொட்டது, ஆனால் டேங்க் சீக்கிரமே தீர்ந்தது.

சேலம், நாமக்கல் பக்கம் மெக்கானிக்கல் படித்தவர்கள் பலருக்கு ‘ஏர் பைக்’ என்றால் ஃபைனல் இயர் புராஜெக்ட் ஞாபகம் வரும். பழைய எஞ்சினை வாங்கி, வால்வை மாற்றி, பஞ்சர் கடைக் கம்ப்ரசரில் 10 பார் ஏற்றி, காலேஜ் மைதானத்தில் ஓட்டிக் காட்டி, மார்க் வாங்கியிருப்பார்கள். நாம் மேலே பார்த்த 300 லிட்டர் டேங்கிலேயே 10 பார் மட்டும் ஏற்றினால் ஒரு கார் அரை கிலோமீட்டர் போகும். அதனால்தான் அந்த வீடியோக்கள் எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகின்றன. அடுத்த முறை சித்தப்பா அனுப்பினால் இரண்டே கேள்வி கேளுங்கள்: டேங்க் எத்தனை லிட்டர், எத்தனை பார்? 300 லிட்டர், 300 பார் என்றால் அவரை நாமக்கல் வரை கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்துத் திரும்பிவிடலாம்.